குதிகால் தசைநாண் வலியால் ஓட முடியாத மாதங்களில் உடலை எப்படி இயக்கத்தில் வைத்திருப்பது?

வைகறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் 11 ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் என்பது என் வழக்கம். 7 மாதங்களுக்கு முன் வலது குதிகால் தசைநாணில் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) வலி தொடங்கியது. முதல் ஒரு கிலோமீட்டரில் தோன்றி, உடல் சூடேறியதும் மறைந்துவிடும். மறைகிற வலிதானே என்று இரண்டு மாதம் அதே அளவில் ஓடிக்கொண்டிருந்தேன். பிறகு ஓட்டம் முடிந்த பின்னும் வலி நின்றது. அதன் பின் படி இறங்கும்போதும் வந்தது.

இப்போது காலையில் கட்டிலிலிருந்து இறங்கிப் பாதத்தை ஊன்றினால், குதிகால் எலும்புக்கு மூன்று விரற்கடை மேலே தசைநாண் காய்ந்த கயிறுபோல் விறைத்து நிற்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி வைத்த பிறகுதான் இயல்பாக நடக்க முடிகிறது. இரு விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தால் இடக்காலைவிட வலக்காலில் அந்த இடம், முடிச்சு விழுந்ததுபோலத் தடித்திருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது.

மருத்துவர் பார்த்துவிட்டு, நாண் அறுபடவில்லை, நாட்பட்ட தேய்வு என்றார். ஆறு வாரம் ஓடவே இல்லை. வலி ஏறக்குறையப் போய்விட்டது. ஏழாவது வாரம் 4 கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன். மறுநாள் காலை மீண்டும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். ஓய்வெடுத்தால் குறைவதும் ஓடினால் திரும்புவதுமான இந்தச் சுழலிலிருந்து மீண்டவர்கள், எப்படி மீண்டீர்கள் என்று சொல்லுங்கள். அதுவரை மூச்சுத் திறனையும் கால் வலுவையும் இழக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நெடுவழி

நண்பரே, ஆறு வாரம் போதாது என்பது என் கருத்து. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை ஆறுவதைப் போல அது விரைவில் ஆறாது. ஆறு மாதம் முழு ஓய்வு கொடுங்கள். அவசரப்பட்டால் நாண் அறுந்துவிடும் ஆபத்து உண்டு.

இயன்முறையாளர்

நான் இயன்முறை மருத்துவம் செய்பவன். ஓட்டக்காரர்களை அதிகம் பார்க்கிறேன். நெடுவழி அவர்கள் அக்கறையோடு சொல்கிறார், இரத்த ஓட்டம் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் முழு ஓய்வு என்ற முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை. வைகறை அவர்கள் தம் கேள்வியிலேயே அதற்குக் காரணத்தைச் சொல்லிவிட்டார்: ஆறு வாரம் ஓய்வு, 4 கிலோமீட்டர் ஓட்டம், மீண்டும் வலி. சுமையை நீக்கியபோது வலி குறைந்தது. அதே ஆறு வாரத்தில் சுமை தாங்கும் திறனும் குறைந்தது. கெண்டைக்கால் தசையும் நாணும் முன்னைவிடத் தளர்ந்திருந்த நிலையில், ஓட்டம் என்ற பழைய சுமை ஒரே நாளில் அவற்றின் மேல் விழுந்தது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகால் நாணில் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல் இழுவிசை ஏறுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 4 கிலோமீட்டர் சிறிய சோதனையாக இருக்கவில்லை என்பது புரியும்.

முன்பு இதைத் தசைநாண் அழற்சி என்றே எல்லோரும் சொல்லி வந்தோம். நாட்பட்ட நிலையில், சுளுக்கில் காண்பது போன்ற அழற்சி இங்கே முதன்மைக் காரணம் இல்லை. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொல்லாஜன் என்ற புரத இழைகள் குலைந்து, இடையில் நீர் கோத்து, நாண் தடிக்கிறது. நீங்கள் விரலில் உணர்ந்த முடிச்சு அதுதான். அந்தத் தடிப்பு ஸ்கேனில் மறையாமலேயே வலி முற்றிலும் போய்விடுவதும் உண்டு. வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் ஸ்கேனில் இதே மாற்றம் தெரிவதும் உண்டு. ஆகையால் ஸ்கேன் படத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

நாணை மீட்பது சுமைதான். ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட குதிகால் நாண் வலியுள்ள 15 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை 12 வாரம் கொடுத்தார். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கி அதே அளவு, நாளுக்கு இரண்டு வேளை. ஆக ஒரு நாளைக்கு 180 முறை. அவர்கள் பழையபடி ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 2015-இல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு அந்த முறையையும், வாரத்துக்கு மூன்றே நாள் கனமான எடையோடு மிக மெதுவாகச் செய்யும் முறையையும் ஒப்பிட்டது. இரண்டும் பலன் தந்தன. அன்றாட வாழ்க்கையில் நாளுக்கு 180 முறை செய்வதைப் பலரால் கடைப்பிடிக்க முடிவதில்லை. எனவே நான் பெரும்பாலும் இரண்டாவதையே கொடுக்கிறேன்.

செய்யும் விதம்: முன்பாதத்தில் நின்று, குதிகாலை உயர்த்தி மேலே எழ 3 விநாடி, இறங்க 3 விநாடி. முதலில் இரண்டு காலிலும், பிறகு வலிக்கும் காலில் மட்டும். உடல் எடையே 15 முறைக்குமேல் எளிதாக வந்தால் முதுகுப்பையில் எடை சேருங்கள்; வாரங்கள் செல்லச் செல்ல எடையைக் கூட்டி, முறைகளை 15-லிருந்து 12, 10, 8 என்று குறையுங்கள். உட்கார்ந்து முழங்காலின் மேல் எடை வைத்துச் செய்வதையும் விடாதீர்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை அதில்தான் நன்றாக உழைக்கும், ஓட்டத்தில் பெருஞ்சுமையைத் தாங்குவதும் அந்தத் தசைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வதற்குக் காரணம் உண்டு. கடுமையான சுமைக்குப் பிந்தைய ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாணில் கொல்லாஜன் உருவாவதைவிடச் சிதைவது மிகுதியாக இருக்கிறது. அதற்குப் பின்னரே கணக்கு ஆக்கத்தின் பக்கம் சாய்கிறது.

ஓர் எச்சரிக்கை. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் 'பட்' என்ற உணர்வோடு முன்காலில் எம்ப முடியாமல் போனால், அது அறுதல். அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. வேறு நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் உங்கள் நாண் வலியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வைகறை

மிக்க நன்றி. ஏழு மாதத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. இரண்டு காலில் 15 முறை எழுகிறேன்; வலக்காலில் மட்டும் செய்தால் ஆறாவது முறையிலேயே கால் நடுங்குகிறது. இடக்காலில் 24 வருகிறது. வேறுபாடு இவ்வளவு இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா? மூச்சுத் திறனைப் பற்றிய கவலையும் அப்படியே இருக்கிறது.

ஆழ்நீர்

மூச்சுத் திறனைப் பற்றி நான் எழுதுகிறேன். எனக்கும் இதே நாண், இடக்காலில். 9 மாதம் ஓடவில்லை.

உங்கள் கவலைக்கு அடிப்படை உண்டு. எட்வர்ட் காயில் என்பவரும் உடனிருந்தோரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயின்றவர்கள் பயிற்சியை அறவே நிறுத்தியபோது அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வு (மூச்சுத் திறனின் அளவுகோல்) முதல் மூன்று வாரத்தில் 7 விழுக்காடும், எட்டு வாரத்தில் 16 விழுக்காடும் குறைந்தது. ஆனால் அது ஒன்றுமே செய்யாதவர்களின் கணக்கு. ராபர்ட் ஹிக்சன் 1980-களில் செய்த ஆய்வுகள் இதற்கு மறுபக்கம்: வாரத்தில் ஆறு நாள் பயின்றவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தபோதும், நாளுக்கு 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தபோதும் 15 வாரம் வரை அந்தத் திறனைத் தக்கவைத்தார்கள். கடுமையைக் குறைத்தவர்களே இழந்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்க உழைக்க ஓர் இடம் கிடைத்தால் போதும்.

எனக்கு அந்த இடம் நீச்சல்குளத்தின் ஆழமான முனை. இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, பாதம் தரையில் படாத ஆழத்தில் ஓடுவது. கழுத்தளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்; ஆழத்தில் பாதம் எங்குமே மோதுவதில்லை, ஆகவே நாணில் அதிர்வே இல்லை. முதல் வாரம் எல்லோரும் செய்யும் பிழை, முன்னால் குனிந்து நாய் நீந்துவதுபோல் நீரைக் கைகளால் வாருவது. உடல் நேராக நிற்க வேண்டும். முழங்காலை முன்னே உயர்த்தி, பாதத்தை உடலுக்குக் கீழே இறக்கி, பின்னால் தள்ள வேண்டும். கைகள் தரையில் ஓடும்போது ஆடுவதைப் போலவே ஆட வேண்டும். நகர்வது மிகக் குறைவாகத்தான் இருக்கும். குளத்தின் நீளத்தை எண்ணாமல் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

என் வழக்கம்: 10 நிமிடம் இலகுவாக, பிறகு 3 நிமிடம் கடுமை, 1 நிமிடம் இலகு என்று ஆறு சுற்று, முடிவில் 5 நிமிடம் இலகு. கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். நீரின் அழுத்தம் இரத்தத்தை மார்புக்குத் திருப்பி அனுப்புவதால், அதே உழைப்புக்குத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைவாகக் காட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறதா என்பதே அளவுகோல்.

நீந்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: குளத்தின் சுவரை முன்பாதத்தால் உந்தித் திரும்புவதும் ஒரு தாவல்தான். வலிக்காத காலால் மட்டும் உந்துங்கள்.

இருசக்கரம்

சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குதிகால் நாணுக்கு ஓட்டத்தைவிட மிகக் குறைந்த சுமை அதில். ஆனால் இருக்கை தாழ்வாக இருந்து, ஒவ்வொரு மிதியிலும் குதிகால் கீழே இறங்கினால் நாண் இழுபடும். இருக்கையைச் சரியான உயரத்துக்கு ஏற்றி, மிதிகட்டையை முன்பாதத்தின் நுனியில் வைக்காமல் பாதத்தின் நடுவுக்குச் சற்று நெருக்கமாக வைத்து மிதியுங்கள். கெண்டைக்காலின் பங்கு குறையும். முதல் சில வாரங்கள் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம்.

ரோயிங் இயந்திரத்தில் முன்னே சரிந்து வரும்போது கணுக்கால் முழுதாக மடங்குகிறது. நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

மறுகரை

சைக்கிள் எல்லாருக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். எனக்குப் பழுதானது தொடையின் பின்தசை நாண். உட்காரும் எலும்பில் அது தொடங்கும் இடம். எனக்கு உட்காருவதே வலி. சைக்கிள் இருக்கை நேராக அந்த இடத்தில்தான் அழுத்தும். நண்பர் ஒருவர் சொன்னார் என்று சைக்கிளுக்கு மாறி மூன்று மாதத்தை இழந்தேன். எனக்குக் கைகொடுத்தவை சமதரையில் வேக நடையும், கால்களுக்கிடையில் மிதவையை வைத்துக் கைகளால் மட்டும் நீந்துவதும். அவரவர் நாண் எந்த அசைவில் நீண்டு எலும்போடு நசுங்குகிறது என்பதை முதலில் அறிந்து, அந்த அசைவு இல்லாத உடற்பயிற்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இயன்முறையாளர்

மறுகரை அவர்கள் சொன்னதை வழிமொழிகிறேன். வைகறை அவர்களின் வலி நாணின் நடுப்பகுதியில் இருப்பதால் படி விளிம்புக்குக் கீழே குதிகாலை இறக்கலாம். எலும்பில் சேரும் இடத்தில் வலி இருப்பவர்கள் தரையளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுவரைத் தள்ளியபடி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் அவர்களுக்கு வலியைக் கூட்டும்.

வலியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். காரின் சில்பர்நாகல் ஸ்வீடனில் இருந்தபோது 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேரை இரண்டாகப் பிரித்தார். இரு சாராருக்கும் ஒரே வலுப்பயிற்சி. ஒரு சாரார் முதல் ஆறு வாரம் ஓடவோ தாவவோ கூடாது. மற்றவர்கள் வலியைக் கண்காணித்தபடி தொடரலாம். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக்கூடாது என்பதே விதி. ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஒன்றுபோல் தேறியிருந்தார்கள். தொடர்ந்தவர்களுக்குக் கேடு எதுவும் நேரவில்லை. ஆகவே வலித்தவுடன் நிறுத்த வேண்டியதில்லை.

நெடுவழி

ஐந்து வரை என்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு பழகிய ஓட்டக்காரன் ஏழையும் ஐந்து என்றுதான் சொல்வான். நான் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் ஆறு மாத ஓய்வைப் பரிந்துரைத்தேன்.

இயன்முறையாளர்

உங்கள் அச்சம் நியாயமானது. நான் எண்ணைவிட மறுநாள் காலையை நம்புவதும் அதனால்தான். எழுந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று போதும்: சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு வலிக்கும் காலில் மட்டும் ஒருமுறை குதிகாலை உயர்த்துங்கள். நேற்றுக் காலை இருந்த அளவே வலித்தால் நேற்றைய சுமை சரி. அதிகமாக வலித்தால் அது மிகை; அடுத்த முறை குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். இதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் மூன்று வாரத்தில் உங்கள் நாணின் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஓட்டக்காரருக்குக் குறிப்பேடு நல்ல துணை.

பின்வரிசை

உடலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். எனக்கு உடலைவிடக் கடினமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்றாக ஓடியவர்கள் கிளம்பும் நேரத்தில் விழிப்பு வந்துவிடும். போவதற்கு இடம் இருக்காது. இரண்டு மாதம் அவர்களைப் பார்ப்பதையே தவிர்த்தேன். பிறகு ஒருவர் வற்புறுத்தியதால், அவர்களுடைய நீண்ட ஓட்டத்தின் திரும்பும் இடத்தில் தண்ணீரோடு நிற்கச் சம்மதித்தேன்; அங்கே போய்ச் சேர சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதித்தேன். அந்த ஒரு மணி நேரமே வாரத்தின் நீண்ட பயிற்சியாகவும் ஆனது. வைகறை அவர்களே, உங்கள் குழுவிலிருந்து விலகாதீர்கள். நேரம் குறிப்பதற்கும் புதியவர்களுடன் நடப்பதற்கும் எப்போதும் ஆள் தேவைப்படும்.

வைகறை

14 வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் குதிகால் பயிற்சி, இரண்டு நாள் ஆழ்நீர் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள் என்று நடந்தது. வலக்காலில் 6 ஆக இருந்த எண்ணிக்கை இப்போது 21. முதுகுப்பையில் 16 கிலோ எடையோடு 8 முறை எழுகிறேன். படிக்கட்டில் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்கும்போது, தொடக்கத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நாண் எரிந்துகொண்டு நழுவும். கைப்பிடியை இறுகப் பற்றியே மூன்றை அடைவேன். ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள், கை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

நடுவில் ஐந்தாவது வாரம் சறுக்கியது. வலி குறைந்திருந்ததால் ஒரே நாளில் எடையையும் கூட்டி, ஆழ்நீர் ஓட்டத்துக்குப் பிறகு மேட்டில் வேகமாகவும் நடந்தேன். அடுத்த மூன்று காலைகளும் குறிப்பேட்டில் 2 இருந்த இடத்தில் 6 என்று எழுத வேண்டியிருந்தது. பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். இந்த முறை எடையை முந்தைய வாரத்து அளவுக்குக் குறைத்துத் தொடர்ந்தேன், எட்டு நாளில் பழைய நிலைக்கு வந்தது. அந்த எட்டு நாளில்தான் இந்த முறையின் மேல் எனக்கு முழு நம்பிக்கை பிறந்தது.

காலை விறைப்பு இன்னும் முற்றிலும் போகவில்லை. இரண்டு மூன்று அடிகளோடு முடிந்துவிடுகிறது. தடிப்பு அப்படியே இருக்கிறது. இரு கால்களில் இருபது முறை சிறிதாகத் துள்ளிப் பார்த்து, மறுநாள் காலை மாற்றமில்லை என்று உறுதிசெய்த பிறகு, கடந்த வாரம் சமதரையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுச் சுற்று போனேன். மொத்தமே எட்டு நிமிட ஓட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கில் இதுவரை நான்கு முறை ஆகியிருக்கிறது. நான்கு காலைகளிலும் குறிப்பேட்டில் 2 என்றே பதிந்திருக்கிறேன்.

இயன்முறையாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். ஓட்ட நிமிடங்களைக் கூட்டும் இந்தக் கட்டத்தில் கனமான குதிகால் பயிற்சியை ஓடாத நாளில் செய்வதா, ஓடும் நாளிலேயே முடித்துவிட்டு மறுநாளை நாணுக்கு விட்டுவிடுவதா?

இயன்முறையாளர்

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஓடும் நாளிலேயே, ஓட்டத்துக்குப் பிறகு செய்யுங்கள். மறுநாள் ஆழ்நீரோ சைக்கிளோ போதும். முதலில் நிமிடங்களைக் கூட்டுங்கள். வேகமும் மேடும் கடைசியில் வரட்டும். ஓட்டம் பழைய அளவை எட்டிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அந்த முதுகுப்பை தோளில் ஏற வேண்டும்.